பத்து ரூபாய்க்கு விற்கப்பட்டவளுக்கு விடுதலைப் பாடமா?

சென்ற இதழில் தேவதாசி முறை ஒழிப்பைப் பற்றிப் பெரியவர் ஒருவர் எழுதிய கட்டுரையைச் சேர்வராயன் மலையில் எங்கள் ஊரான வெள்ளக்கடையில் உட்கார்ந்து வாசித்தேன். ஏற்காட்டில் தமக்கு ஒரு வீடு உண்டு என்றும், அங்கே பனியைப் பார்த்தபடி இதையெல்லாம் சிந்தித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். அன்றைக்குப் பனி கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது. எதிரே இருந்த எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். தேவதாசிகள் அந்தக் காலத்தின் சுதந்திரப் பெண்கள். சொத்து, படிப்பு, கலை மூன்றும் அவர்களிடம் இருந்தன. சீர்திருத்தம் என்ற பெயரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த அழிப்பு வேலைக்கு ஆண் தலைவர்கள் பயன்படுத்திக்கொண்ட கருவி. அவர் எழுதிய நாவல் ஒரு துண்டுப் பிரசுரம். பெண்ணுரிமை என்பதே ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. சந்தேகம் இருந்தால் சேர்வராயன் மலைப் பெண்களைப் பாருங்கள், யாரும் வந்து சொல்லித் தராமலே ஆணுக்குச் சமமாக வாழ்கிறார்கள்!

எங்கள் மலையைச் சாட்சிக்கு இழுக்கும் வரை பொறுமையாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மலைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அம்மையார்.

இராமாமிர்தம் 1883-இல் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வறுமை தாங்காமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அம்மா, சிறுமியாக இருந்த மகளை ஒரு தாசி வீட்டில் விற்றார். விலை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும். பெரியவரின் கட்டுரையில், தாசிகள் ஏழைப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள் என்று உருக்கமாக ஓர் இடம் வருகிறது. பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டுப் பழைய புடவையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எந்தத் தாயாவது வீடு திரும்பியிருக்கிறாளா? அதன் பெயர் வியாபாரம். விற்ற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் வயிற்றுக்குச் சோறில்லை. அந்த வியாபாரத்தை நூறு வருஷம் கழித்துத் தத்து என்று எழுதுகிறவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

வாங்கிய வீட்டில் பாட்டும் ஆட்டமும் சொல்லித் தந்தார்கள். தமிழோடு தெலுங்கும் வடமொழியும் வந்தன. இதைத்தான் பெரியவர் படிப்பு என்கிறார். அந்தப் படிப்பு எதற்காக என்பது பதினேழு வயதில் தெரிந்தது: அறுபதைத் தாண்டிய ஒரு கிழவருக்குக் கட்டிவைக்க ஏற்பாடு. போட்ட முதலை எடுக்க வேண்டாமா? பெண் மறுத்தாள். தனக்குச் சங்கீதம் சொல்லித் தந்த சுயம்புப் பிள்ளையைத் திருமணம் செய்துகொண்டாள். பெரியவர் தேடும் சுதந்திரப் பெண் இங்கேதான் இருக்கிறாள். ஆனால் அவள் வாசலுக்கு வெளியே காலெடுத்து வைத்த பிறகுதான் சுதந்திரமானாள். கட்டுரையோ அவளை மறுபடியும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே எவ்வளவு சுகம் பார் என்கிறது.

சரி, வெளியே வந்தவள் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். இராமாமிர்தம் போகவில்லை. தாசி வீடுகளில் மாட்டிக்கொண்டிருந்த பெண்களை வெளியே கொண்டுவரவும், அவர்களுக்குத் திருமணம் செய்துவைக்கவும் தஞ்சை வட்டாரம் முழுக்க அலைந்தார். நாகபாசத்தார் சங்கம் என்ற பெயரில் அமைப்பு கண்டார். 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை எழுதினார். அது பிரச்சாரமா என்றால், பிரச்சாரம்தான். கதாபாத்திரங்கள் மேடை போட்டுப் பேசும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் புத்திமதி வரும். இலக்கிய நயம் தேடுகிறவர்கள் பாதியில் கொட்டாவி விடுவார்கள். ஆனால் அந்தத் தொழிலின் கணக்கு வழக்கு முழுக்க அந்த நாவலில் இருக்கிறது. வருகிறவனின் பையை எடை போடுவது எப்படி, தாய் எந்த நேரத்தில் உள்ளே வந்து என்ன சொல்லிப் பணம் கறப்பாள், ஒருவன் சொத்து கரைந்ததும் அவனை எப்படிக் கழற்றிவிடுவார்கள் என்பதையெல்லாம் உள்ளிருந்து பார்த்தவர்தான் எழுத முடியும். கேட்டறிந்து எழுதினால் இவ்வளவு விவரம் வராது. முழு நாவல் ஒன்றைத் துண்டுப் பிரசுரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், பெரியவர் அதன் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். பார்த்திருந்தால், தலைப்பில் பாதி இடம் மைனருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது தெரிந்திருக்கும். காசு கொடுக்கிற கை இருக்கிறவரை இந்தக் கடை நடக்கும் என்பது அம்மையாருக்குத் தெரிந்தே இருந்தது.

இனி அந்தச் சுதந்திர வாதம். அதைத் தாங்க அவர் இரண்டு பெயர்களைக் கொண்டுவருகிறார்: பெங்களூர் நாகரத்தினம்மாள், பாலசரஸ்வதி. இரண்டுமே கும்பிட வேண்டிய பெயர்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் சொந்தக் காசில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். முத்துப்பழனி என்ற பெண் கவியின் தெலுங்குக் காவியத்தை 1910-இல் அச்சில் கொண்டுவந்து, ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு தடை போட்டபோதும் அசராமல் நின்றவர். தேவதாசி ஒழிப்பு மசோதாவையும் எதிர்த்தார். தாசிகள் சங்கம் 1920-களின் கடைசியில் அரசுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில், எங்களை ஒழிக்காதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்ற கோரிக்கை இருந்தது. கனமான வாதம் அது. எங்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் விபசாரிகள் என்று எப்படிச் சொல்லலாம் என்ற அவர்களுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த மசோதாவுக்காக வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பேச்சுகளில் அந்தக் கடுமை இருந்தது உண்மை. அதை மூடிமறைக்க எனக்கு உத்தேசம் இல்லை.

ஆனால் நாகரத்தினம்மாள் பேசியது தன் தொழிலுக்காக, தன் மானத்துக்காக. நம் பெரியவர் யாருக்காகப் பேசுகிறார்? ஊருக்கு ஒரு வீணை தனம்மாள், ஒரு பாலசரஸ்வதி என்று எண்ணிக்கொண்டு போனால் அந்தக் காலம் பொற்காலமாகத்தான் தெரியும். பாட வராத பெண் என்ன ஆனாள்? அழகு குறைந்த பெண்? நாற்பது வயதுக்காரி? பத்து ரூபாய்க்கு வந்து சேர்ந்து, எந்தக் கச்சேரிக்கும் போகாமல், எந்தப் புகைப்படத்திலும் நிற்காமல் செத்துப்போனவள்? லாட்டரியில் பரிசு விழுந்தவரைப் பேட்டி எடுத்துவிட்டு லாட்டரி நல்ல வருமானம் என்று எழுதுகிற கதை இது. இராமாமிர்தம் பேசியது அந்தப் பரிசு விழாதவர்களுக்காக.

சொத்து விஷயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் பெரியவர். தாசிகளின் மானிய நிலங்களைச் சீர்திருத்தவாதிகள் பறித்தார்களாம். அந்த நிலம் கோயில் சேவைக்கு ஈடாகக் கொடுத்தது. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டுப் பொட்டுக் கட்டி, சேவை செய்துகொண்டிருக்கும் வரைதான் நிலம். சேவை நின்றால் நிலம் போகும். ஒரு பெண் இந்த வாழ்க்கை போதும் என்று நினைத்தாலும், வயிற்றுக்கு என்ன செய்வது என்று மகளுக்கும் பொட்டுக் கட்டினாள். அந்த முடிச்சை அவிழ்த்தது முத்துலட்சுமி ரெட்டி 1929-இல் கொண்டுவந்த அறநிலையச் சட்டத் திருத்தம். சேவை செய்யாவிட்டாலும் நிலம் கையைவிட்டுப் போகாது என்றது அது. அதாவது அவர் பறித்தார் என்று எந்த நிலத்தைச் சொல்கிறார்களோ, அந்த நிலத்தை நிபந்தனையிலிருந்து விடுவித்தவரே அவர்தான். அதற்குப் பிறகு பல வீடுகளில் அந்த நிலம் அண்ணன் தம்பிகள் கைக்குப் போனது. பெண்கள் ஓரமாக உட்கார வேண்டியதாயிற்று. இது நடந்ததுதான். அதற்கு அண்ணன் தம்பிகளைக் கேட்க வேண்டும்.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1947-இல். ஓமந்தூரார் ஆட்சிக் காலம். இராமாமிர்தம் பொதுவேலைக்கு வந்து அதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் இசை வேளாளர் மரபுதான். சட்டசபையில் பேசியவரும், தஞ்சாவூர்த் தெருக்களில் அலைந்தவரும், இரண்டு பேருமே அந்த மரபிலிருந்து வந்தவர்கள். வெளியாட்கள் வந்து கெடுத்தார்கள் என்ற பேச்சு எப்படி எடுபடும்?

கலை அழிந்தது என்ற ஒப்பாரிக்கு நிறைய இடம் கொடுக்க மனமில்லை. 1936-ஐ மட்டும் பெரியவர் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். இராமாமிர்தத்தின் நாவல் வந்த வருஷம் அது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியதும் அதே வருஷம். சதிர் பரதநாட்டியமாகி, அக்கிரகாரத்துப் பெண்கள் கௌரவமாக மேடையேறி, அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த குடும்பத்துப் பெண்கள் கீழே இறக்கிவிடப்பட்ட காலம் அது. மேடையை எடுத்துக்கொண்டவர்கள் யார், சபாக்களை நடத்தியவர்கள் யார், டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் யார்? மூவலூர் அம்மையாரிடம் சபா எதுவும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆண் தலைவர்களின் கருவி என்ற பேச்சுதான் எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது.

கருவி என்றால் பிடித்த கைக்கு அடங்கும். இவர் காங்கிரசில் இருந்தபோது, 1923 காக்கிநாடா மாநாட்டில் கொடிக்குத் தடை என்றதும், அந்தக் கொடிகளையே புடவையாக்கி உடுத்திக்கொண்டு போய் நின்றார். பிறகு பெரியார் காங்கிரசை விட்டபோது தாமும் விட்டார். 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு படை நடந்தது: 577 மைல், 42 நாள். அந்தப் படையில் நடந்த ஒரே பெண் இராமாமிர்தம். அப்போது வயது ஐம்பத்தைந்து. கருவிகளைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார்கள். இவர் நடந்து போனார். அந்த நவம்பரிலேயே மறியல் செய்து ஆறு வாரம் சிறையும் இருந்தார்.

பிறகு 1949. எழுபதாவது வயதில் பெரியார் தம்மைவிட மிகவும் இளையவரான மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் சொத்துப் பாதுகாப்பு, இயக்கப் பாதுகாப்பு. பலருக்குப் பல கருத்து. பதினேழு வயதில் ஒரு கிழவருக்கு மனைவியாக மறுத்து வெளியேறிய இராமாமிர்தத்துக்கு அதில் ஒரே கருத்துதான் இருந்திருக்க முடியும். கால் நூற்றாண்டாகத் தலைவர் என்று ஏற்றுக்கொண்டவரை விட்டு வெளியேறினார். அண்ணாவோடு திராவிட முன்னேற்றக் கழகத்துக்குப் போனார். 1962-இல் மறையும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. தாசி வீடு, காங்கிரஸ், திராவிடர் கழகம் என்று மூன்று இடங்களிலிருந்து, தன் கொள்கைக்கு ஒவ்வாதபோது, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த ஒருவரைக் கருவி என்று எழுதக் கை எப்படி வந்தது?

ஐரோப்பிய இறக்குமதி பற்றி ஒரு பத்தி போதும். ஐரோப்பாவிலும் இதை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 1882-இல் ருமேனியாவில் தீத்து மயோரெஸ்கு என்ற பெரிய விமர்சகர், பின்னாளில் பிரதமரே ஆனவர், பெண்ணின் மூளை ஆணின் மூளையைவிட எடை குறைவு, அதனால் நாட்டின் பொறுப்பை அவளிடம் கொடுக்க முடியாது என்று மேடையில் பேசினார். யாஷி நகரில் குழந்தைகளை வைத்துக்கொண்டு பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த சோஃபியா நடேஜ்தே என்ற இளம் பெண் அவருக்கு அச்சில் பதில் கொடுத்தார். மூளையைத் தனியாக நிறுக்காதீர்கள், உடல் எடையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பெண் குறைந்துபோக மாட்டாள் என்று கணக்கிலேயே மடக்கினார். சோஃபியாவின் பெயரை இராமாமிர்தம் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. தராசைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால், யாஷியானாலும் மூவலூரானாலும், பெண் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது மலைக்கு வருவோம்.

வெள்ளக்கடையில் ஆணும் பெண்ணும் சமமாகக் காட்டில் வேலை செய்கிறார்கள் என்கிறார். செய்கிறார்கள். காப்பிப் பறிப்பு நாட்களில் பெரியவர் காலையில் எழுந்து வந்து பார்க்கட்டும். செடி நனைந்திருக்கும், கிளையை வளைத்துப் பழுத்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும், பச்சைக்காய் கலந்தால் பேச்சு வாங்க வேண்டும். இடுப்பில் கட்டிய பை நிறைய நிறையப் பாவாடையோடு ஒட்டிக் கனக்கும். சாயங்காலம் மூட்டை தராசுக்குப் போகும். பெரும்பாலும் பறிக்கிற விரல் பெண்ணுடையது. தராசுப் பக்கம் நிற்பவர் ஆண். வீட்டுக்கு வந்து விறகு, தண்ணீர், உலை. சமமாக வேலை செய்கிறார்கள் என்பதைவிட, வேலையில் மட்டும் சமம் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அந்தக் காப்பி யார் நிலத்தில் நிற்கிறது? நான் பார்த்த பட்டாக்களில் அப்பா பெயர் இருக்கும், மகன் பெயர் இருக்கும். மகள் பெயரைத் தேட வேண்டும். இதற்கு எங்கள் வழக்கம் மட்டும் காரணம் என்று தப்பித்துக்கொள்ள முடியாது, சட்டமும் காரணம். தமிழ்நாடு 1989-இல் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று திருத்தியது. 2005-இல் இந்தியா முழுக்க அது வந்தது. ஆனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, மத்திய அரசு அறிவித்தாலன்றி இந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. சேலம் மாவட்டத்து மலையாளிகளான நாங்கள் பழங்குடியினர். சேலத்து டவுனில் பிறந்த மகளுக்குச் சட்டப்படி உள்ள பங்கு, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் இல்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்துவது பற்றி யோசியுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில் வேறொரு பழங்குடிக் குடும்பத்தின் வழக்கில், பெண்ணுக்குப் பங்கு இல்லை என்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. உட்பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. பெரியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எங்களை உதாரணம் காட்டும் முன் விசாரித்திருக்க வேண்டும்.

காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து இந்த மலைகளைப் பிடித்தார்கள் என்று எங்கள் கதை சொல்லும். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று குழந்தைக்கும் தெரியும். அவர்களுக்குத் தங்கை இருந்தாளா என்று நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடைசியாக, அம்மையாரின் பெயரை அரசு திட்டத்தில் ஒட்டிவைத்தது கட்சி அரசியல், எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற அந்த வரி. 1989-இல் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். எனக்கே அதில் ஒரு வருத்தம் உண்டு: விலை பேசிய கல்யாணத்தை உதறியவர் பெயரில் கல்யாணத்துக்குப் பணம், பின்னாளில் தாலிக்குத் தங்கமும். பழங்குடிப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும் என்று விதியில் ஒரு சலுகை வேறு இருந்தது. சலுகை மாதிரியே தெரியும், யோசித்தால் வயிறு எரியும். 2022-இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய், அவள் பெயரில் உள்ள கணக்கில். புதுமைப் பெண் திட்டம் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள்; அம்மையாரின் பெயர் படிவத்தில் மட்டும் மிச்சம். போன வருஷம் சேலத்தில் கல்லூரி சேர்ந்த எங்கள் பெண் ஒருத்தி கைப்பேசித் திரையில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “டீச்சர், இந்தம்மா யாரு, எம்.எல்.ஏ.வா?” என்றாள். அவளுக்குப் பத்தாவது முடித்ததுமே பரிசம் பேச வந்தார்கள். அவளுடைய அம்மா வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பினாள். அந்த ஆயிரம் ரூபாயில் பஸ் செலவு போக மிச்சம் அதிகமில்லை. ஆனால் வீட்டில் யாரிடமும் கேட்காமல் அவள் எடுக்கக்கூடிய முதல் பணம் அது.

அவளுக்கு அம்மையாரின் கதையைச் சொன்னேன். விலையைக் கேட்டதும், “புடவையுமா?” என்றாள். பெரியவரின் கட்டுரையையும் வாசிக்கக் கொடுத்தேன். நாலு பக்கம் வாசித்துவிட்டு, அந்தத் தாத்தா தன் ஏற்காட்டு வீட்டை யார் பேருக்கு எழுதிவைப்பார் என்று கேட்டாள். அடுத்த இதழில் அவரே பதில் சொல்லட்டும்.